பச்சைப் பட்டையோடு 14 மாதங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தோள் பயிற்சிக்காக ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துவந்த பச்சை ரப்பர் பட்டை, முடிச்சிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி அறுந்துவிட்டது. அறுந்த நுனி முழங்கையில் சுரீரென்று அடித்தது. சிவந்த கோடு மறைய இரண்டு நாளாயிற்று. அன்று மாலையே, பயிற்சிக்கூடத்தில் எங்களோடு பளு தூக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து, "அக்கா, எனக்கும் தோள் வலிக்கிறது. பட்டை விலை குறைந்திருக்கிறது, வாங்கட்டுமா?" என்று கேட்டாள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஏற ஏற இழுவை கூடும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

2024 ஜனவரியில் என் வலத் தோள் வலிக்கத் தொடங்கியது. அப்போது ஸ்னாட்சில், அதாவது எடை மாட்டிய பாரைத் (இரும்புத் தண்டை) தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் முறையில், 58 கிலோ தூக்கிக்கொண்டிருந்தேன். எதுவும் படக்கென்று அறுபடவில்லை; நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய வலி. நான் கணித ஆசிரியை. கரும்பலகையின் அடியில் எழுதினால் ஒன்றுமில்லை, கையை முழுவதும் தூக்கி உச்சியில் தேதி எழுதினாலும் தாங்கிக்கொள்ளலாம். நடுவில், கை தோள் உயரத்தைக் கடக்கும் அந்த ஒரு சாண் தூரத்தில்தான் சுண்ணக்கட்டி விரலிலிருந்து நழுவும் அளவுக்குக் குத்தும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறத்தாழ 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் வலிப்பது, தோள் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் வரும் கோளாறுக்குத் தெரிந்த அடையாளம் என்று பிறகு கற்றுக்கொண்டேன். பின்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கைகளை அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

முதலில் ஓய்வு. ஆறு வாரம் பாரைத் தொடவே இல்லை. வலி போய்விட்டது என்று நம்பித் திரும்பினேன். 40 கிலோவிலேயே மறுபடி பிடித்தது. ஓய்வில் தசைநாண் அமைதியாகிறதே தவிர வலுவடைவதில்லை, சும்மா கிடந்தால் இருந்த தாங்குதிறனும் குறையும் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்து ஒரு மருத்துவமனையில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் சொர்க்கம். ஜூனில் வலி அப்படியே திரும்பி வந்தது. தோளின் உச்சியில் இருக்கும் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று அங்கேயே சொன்னார்கள். அம்மா பயந்துபோய் இரவெல்லாம் தைலம் தேய்த்துவிட்டார்.

அந்த நேரத்தில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் மேடத்துக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டபோது, லான்செட் என்ற மருத்துவ இதழில் 2018இல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றைச் சொன்னார். தோள் வலிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு எலும்பைச் செதுக்கினார்கள்; இன்னொரு பகுதியினருக்குத் துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடினார்கள். இரண்டு பகுதியினருக்கும் வலி குறைந்ததில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. "உங்கள் தசைநாணுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஆனால் அளந்து கொடுக்க வேண்டும்" என்றார். பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்க வேண்டும், இதுதான் விதி. பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

தொடக்கத்தில் பட்டைகூட இல்லை. சுருட்டிய துண்டை விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புறங்கையால் சுவரைத் தள்ள வேண்டும். கை நகராது, சுவரும் நகராது. 45 விநாடி, ஐந்து முறை. அதைச் செய்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் வலி தணிந்து கிடக்கும். அந்த மணி நேரங்களில் நான் வடிவியல் பாடம் நடத்துவேன், பலகை முழுவதும் படம் போடலாம் என்பதற்காகவே.

மூன்றாவது வாரத்தில் பட்டை வந்தது. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முன்கையை வெளிப்பக்கம் மூன்று விநாடியில் இழுத்து, மூன்று விநாடியில் திரும்ப விட வேண்டும். திரும்ப விடும் அந்த மூன்று விநாடியில்தான் தோளின் பின்புறத்தில் ஒரு மெல்லிய சூடு பரவும். சிவப்பில் தொடங்கி ஒரே மாதத்தில் பச்சைக்கு வந்தேன். எட்டாவது வாரத்தில் ஓர் இரவு விழித்துப் பார்த்தால், வலப்பக்கம் படுத்திருக்கிறேன். எழுந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். 2025 ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனபோது பட்டை என் கைப்பைக்குள் ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் இருந்தது. உணவு இடைவேளையில் பெஞ்சுக் காலில் கட்டி இழுத்தேன். தோள் வலியுள்ள இரண்டு ஆசிரியைகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். வேறு எந்தக் கருவி இப்படிக் கூடவே வரும்?

இனிதான் என் கோபம்.

நாங்கள் கிலோவில் பேசுகிறவர்கள். எங்கள் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார் என்றால், ஸ்னாட்ச் 149, பாரை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 என்று மூன்று எண்களையும் சேர்த்தே சொல்வோம். ஒரு கிலோ கூட்டவா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேசுவோம். அப்படிப்பட்டவள் கையில், இழுக்க இழுக்க எடை மாறும் ஒரு பொருளைக் கொடுத்தால்? ஜன்னலிலிருந்து நான்காவது தரைக்கல்லில் நின்றால் ஓர் எடை, ஐந்தாவதில் நின்றால் வேறு எடை. சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டேன். வீடு துடைத்தால் கோடு போய்விடும், மறுபடி போடுவேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பயணப் பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. பச்சைப் பட்டை வாங்கிய அன்று அதில் மாட்டி, நான்காவது கல்லில் நின்று இழுத்துப் பார்த்தேன்: 2.3 கிலோ. நோட்டில் குறித்து வைத்தேன். ஏழு மாதம் கழித்து, "பச்சை இப்போது இலேசாக இருக்கிறது, தேறிவிட்டேன்" என்ற மகிழ்ச்சியில் காலி பாரை விட்டு ஒரேயடியாக 35 கிலோவுக்குத் தாவினேன். மறுநாள் காலை வலி ஆறு. சந்தேகப்பட்டு அதே பட்டையை அதே கல்லில் நின்று அளந்தேன்: 1.6 கிலோ. என் தோள் தேறியது உண்மை. ஆனால் அதில் எவ்வளவு என் வலு, எவ்வளவு ரப்பரின் தளர்ச்சி என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போயிற்று. அந்த ஒரு தாவலுக்கு ஐந்து வாரம் செலவாயிற்று.

ரப்பர் வெயிலிலும் வியர்வையிலும் நலியும் என்பது உண்மை. எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது, வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி நிழலில் வைத்திருக்கலாம், வியர்வையைத் துடைத்து முகப்பவுடர் தூவியிருக்கலாம். அதெல்லாம் பின்னால்தான் செய்தேன், அந்த அளவில் தவறு என்னுடையது. ஆனால் உறையின் மேல் "வலுவான, நீடித்த" என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், இத்தனை மாதத்தில் மாற்றுங்கள் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? வாங்குகிறவள் நோயாளி. அவள் கண்ணை நம்பவில்லை, இழுவையைத்தான் நம்புகிறாள்.

பிறகு ஒரு கிலோ டம்பெல் வாங்கி, இடப்பக்கம் படுத்து அதே அசைவைச் செய்யத் தொடங்கினேன். ஒன்று, ஒன்றரை, இரண்டு. இப்போது நான்கு கிலோ. இரும்பு இன்று இருந்த எடையில்தான் அடுத்த ஆண்டும் இருக்கும். கடந்த மாதம் ஸ்னாட்சில் 55 வந்தது, மறுநாள் காலை வலி ஒன்று. பளு தூக்குமுன் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சிக்கு மட்டும் பட்டையை வைத்திருந்தேன், அதுவும் செவ்வாய்க்கிழமையோடு போயிற்று.

என்னைக் குணப்படுத்தியதில் பெரும்பங்கு அந்தப் பட்டைக்குத்தான். இருந்தாலும் என் பதில்: வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ டம்பெல் வாங்கிக்கொள். முதலில் யாரிடமாவது தோளைக் காட்டிவிட்டுத் தொடங்கு.

இதற்குள் வாங்கியிருந்தால், உறையைப் பிரிக்காமல் சனிக்கிழமை கொண்டு வா. தராசை நான் எடுத்து வருகிறேன், முதல் இழுவையை அளந்து தேதியோடு எழுதி வைப்போம்.