ஏலக்காய் ஸ்டோருக்கு 'கால் வரும்' அலாரம் மாட்டப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் படியுங்கள்

குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலக்காயை உலர்த்திச் சேமிக்கும் ஸ்டோரை வைத்துக்கொண்டு கம்பத்திலும் போடியிலும் குடியிருப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. "எவன் கை வச்சாலும் உங்க போனுக்குக் கால் வந்துரும்ணே" என்று சொல்லி மாட்டிக்கொடுத்த அலாரம், ஷட்டரை நெம்பிய இரவில் ஒரு காலும் போடவில்லை. சைரன் மட்டும் கத்தியிருக்கிறது. கொட்டுகிற மழையில், தோட்டத்து நடுவில் அது யார் காதில் விழும்? மாட்டியவர் பெயர் இங்கே வேண்டாம். பெட்டியைத் திறந்தால் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். இதே மாதிரி மாட்டிய பெட்டிகள் இன்னும் பல ஸ்டோர் சுவரில் தொங்குகின்றன.

முதலில் அந்த டெமோ. பகல் நேரம், கரண்ட் இருக்கிறது, ஷட்டர் திறந்து கிடக்கிறது. "காது அடைச்சிரும்ணே, சைரன் இப்ப வேணாம்" என்று சைரன் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவு சென்சாரைப் பிரித்துக் காட்டினார்கள். உடனே கால் வந்தது. பணமும் கைமாறியது. கோளாறு ஒளிந்திருந்ததே அந்தக் கழற்றிய ஒயரில்தான்.

அலாரம் அடித்ததும் தானாகக் கால் போடும் பெட்டிக்கு ஆட்டோ டயலர் என்று பெயர். விலை குறைந்த டயலர்களில் பெரும்பாலும் இருப்பது சிம்800 வகை 2ஜி மாட்யூல். அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் இழுக்கும். கால் போடும்போது மட்டும் நொடிக்குப் பல முறை 2 ஆம்பியர் வரை குபுக்கென்று இழுக்கும். சிக்னல் குறைந்த இடத்தில் அது முழுப் பலத்தோடு கத்த வேண்டியிருப்பதால் இந்த இழுப்பு இன்னும் மோசம். மலைச்சரிவு ஸ்டோர்களில் நிலைமை எப்போதும் அதுதான். இங்கே சைரனையும் டயலரையும் ஒரே மெல்லிய ஒயரில், ஒரே 1 ஆம்பியர் அடாப்டரிலிருந்து கொடுத்திருந்தார்கள். சைரன் அடித்ததும் வோல்டேஜ் இறங்கும். டயலர் கால் போட எழும்பும்போது இன்னும் இறங்கி, 3.4-க்குக் கீழே போய் மாட்யூல் அணைந்து மறுபடி ஆன் ஆகும். திரும்ப டவரைப் பிடிக்க அரை நிமிடம், ஒரு நிமிடம். மறுபடி கால், மறுபடி அணைப்பு. சைரன் ஓய்கிற வரை இதே சுற்று. டயலர் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் நெட்வொர்க் லைட் வேகமாக மினுக்குவதும் மெதுவாவதுமாகத் திரும்பத் திரும்ப நடப்பது தெரியும்.

சரிசெய்வது பெரிய செலவில்லை. டயலருக்கு பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர், 0.75 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஃபியூஸோடு. 12 வோல்ட்டை இறக்கும் கன்வெர்ட்டர் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். மாட்யூலின் சப்ளை முனைக்குப் பக்கத்திலேயே 1000 முதல் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. சென்சார் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் அலாரம் பேனலின் சைரன் அவுட்புட்டிலிருந்து டயலரைத் தட்டிவிட 12 வோல்ட் ரிலே போட்டால், ரிலே காயிலின் குறுக்கே டயோடு கட்டாயம்.

பேட்டரியிலும் ஏமாற்று. பேசியது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர், உள்ளே வைத்தது 1.3. கணக்கு எளிது. பேனலுக்கு 100 மில்லி ஆம்பியர், ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் நான்கு பிஐஆர் சென்சாருக்கு 60, டயலருக்கு 50 என்று வைத்தால் 210. 7 ஆம்பியர்-அவர் பேட்டரி காகிதத்தில் 33 மணி நேரம், நடைமுறையில் ஒரு நாள் தாங்கும். 1.3 என்றால் காகிதத்திலேயே 6 மணி நேரம். காற்று மழைக் காலத்தில் இடுக்கி மலையில் கரண்ட் போனால் 6 மணி நேரத்தில் வந்துவிடும் என்று யாராவது பந்தயம் கட்டுவார்களா? பேட்டரியைத் தராசில் வையுங்கள். நல்ல 7 ஆம்பியர்-அவர் பேட்டரி 2 கிலோவுக்குக் குறையாது. லேபிளை மாற்றி ஒட்டலாம், ஈயத்தை ஒட்ட முடியாது. கரண்ட் இருக்கும்போது முனையில் 13.5 முதல் 13.8 வோல்ட் காட்ட வேண்டும்.

சிம் விஷயத்துக்கு வருவோம். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் 2ஜி டயலரில் ஜியோ சிம் வேலைக்கே ஆகாது. "இது 4ஜி டயலர்" என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். டேட்டா மட்டும் 4ஜியில் போய், வாய்ஸ் போகாத மாட்யூல்கள் உண்டு. வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே வாய்ஸ் கால் போகும் வசதி இருக்கிறதா, நீங்கள் போடப்போகும் கம்பெனி சிம்மிலேயே கால் போகிறதா என்று பாருங்கள். ஏர்டெல், வி சிம்களில் வோல்ட்டி இல்லாத மாட்யூல் 2ஜிக்கு இறங்கிக் கால் போடும், ஜியோவில் இறங்க இடமில்லை. சிம் பின் லாக்கை எடுத்துவிட வேண்டும். எண்களை +91 சேர்த்தே பதிய வேண்டும். சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மாட்டியவர் பெயரில் அல்ல. டேட்டா இல்லாமல் வாய்ஸும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள, நீண்ட வேலிடிட்டி ரீசார்ஜ் இதற்குப் போதும். அது தீரும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாரம் ஒரு டெஸ்ட் கால் தானாகப் போகும் வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். கால் வராத வாரம் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தார்கள். மேலே தகரக் கூரை, முன்னால் இரும்பு ஷட்டர், நடுவில் இரும்புப் பெட்டி. ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு சிக்னல் அளவைப் படிக்கச் சொல்லுங்கள். 0 முதல் 31 வரை உள்ள அளவில் 10, அதாவது மைனஸ் 93 டிபிஎம், அதற்குக் கீழே என்றால் நம்ப வேண்டாம். 99 என்று காட்டினால் சிக்னலே படிக்கவில்லை. ஆன்டெனாவை வெளியே கொண்டுபோகலாம், ஆனால் மெல்லிய கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் போய்விடும். 10 மீட்டர் இழுத்தால் வெளியே கிடைத்ததை வழியிலேயே தொலைத்துவிடுவீர்கள்.

யாராவது எடுத்தால் அத்தோடு நிறுத்து என்றிருக்கிற செட்டிங்கும் ஆபத்து. முதல் எண் வாய்ஸ்மெயிலுக்குப் போனாலும், ஸ்பாம் தடுக்கும் ஆப் தானாக எடுத்துப் பேசினாலும், டயலருக்கு அது 'எடுத்தாயிற்று'. குறிப்பிட்ட பட்டனை அழுத்தினால்தான் நிற்கும் என்று மாற்றுங்கள். குறைந்தது நான்கு எண், மூன்று சுற்று. ஒரு எண்ணாவது ஸ்டோருக்குப் பக்கத்தில் இருப்பவருடையதாக இருக்கட்டும். கம்பத்திலிருந்து மலையேறி வருவதற்குள் மூட்டை போய்விடும்.

அட்மின் எண்ணாக மாட்டியவருடைய எண்ணே இருந்தது. பாஸ்வேர்ட் 1234. அவரிடமிருந்தோ அவரிடம் வேலை பார்த்தவரிடமிருந்தோ ஒரு எஸ்எம்எஸ் போதும், அலாரம் ஆஃப். மாட்டியவர் கிளம்பும் முன்னேயே உங்கள் கையால் இரண்டையும் மாற்றுங்கள்.

சென்சார் ஒயரின் கடைசியில், சென்சாருக்குள் இருக்க வேண்டிய ரெசிஸ்டரை பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்திருந்தார்கள். வேலை சுலபம் என்பதால் இதை நிறையப் பேர் செய்கிறார்கள். வழியில் எவனாவது ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால், கதவு திறந்தாலும் பேனலுக்குத் தெரியாது. பேனலைத் திறந்ததும் டெர்மினலில் ரெசிஸ்டர் தெரிந்தால், திரும்பச் செய்யச் சொல்லுங்கள். உலர்த்தும் அறைப் பக்கம் பிஐஆர் வைப்பதும் வீண். உள்ளே வெப்பம் 45, 50 டிகிரிக்குப் போகும், மனித உடல் வெப்பத்தை அது பிரித்தறியாது, வெந்த காற்று அசைந்தால் சும்மா அடிக்கும். சரக்கு அறையிலும் ஷட்டரிலும் வையுங்கள். ஷட்டருக்கு அதற்கென்றே உள்ள கனமான காந்த சென்சார்தான், வீட்டு ஜன்னலுக்கு ஒட்டுகிற வெள்ளைச் சென்சார் காற்றில் ஷட்டர் ஆடினாலே அடிக்கும்.

டயலரில் 112-ஐப் பதியாதீர்கள். பொய் அலாரத்துக்கு எல்லாம் போலீஸுக்குக் கால் போகும். தவிர, எல்லையில் 112 எந்த மாநில டவரைப் பிடிக்கிறதோ அங்கேதான் போகும். கம்பத்தில் இருந்துகொண்டு அடித்தால் எடுப்பது தமிழ்நாடு, ஸ்டோர் இருப்பது கேரளா. அந்தப் பகுதி ஸ்டேஷனின் லேண்ட்லைனை எஸ்டிடி கோடோடு உங்கள் போனில் வையுங்கள்: வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் 04868, குமுளி பக்கம் 04869.

பணத்தைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய டெஸ்ட்: மெயின் ஸ்விட்சை அணைத்து நான்கு மணி நேரம் விடுங்கள். ஷட்டரை இறக்குங்கள். முதல் எண்ணின் போனை அணையுங்கள். சைரன் ஒயர் மாட்டியபடியே சென்சாரைப் பிரியுங்கள். சைரன் கத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது எண்ணுக்குக் கால் வர வேண்டும். காது வலித்தால் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் வேலை வேண்டாம். டயலர் மாடல், 2ஜியா 4ஜியா, பேட்டரி அளவு, மேலே சொன்ன டெஸ்டில் தேறியது, எல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டியவர் கேரளாக்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பம், போடிக்காரர்களுக்கு அது தேனி. ஒரு சிக்கல்: வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைக்கும் சிறு விவசாயி என்றால், சுயதொழில் வருமானத்துக்கு வாங்கியது என்று மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.