லினக்ஸில் ஓடும் என்று உறுதி சொல்லி விற்ற மடிக்கணினி: 3,890 வெள்ளி போனது

கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த வணிக வளாகம் ஒன்றில் 3,890 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய மடிக்கணினி என் வேலைக்கு உதவாது என்பதும், அதற்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை என்பதும் நேற்று மாலை உறுதியாகிவிட்டன. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸைப் பயன்படுத்துவோர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்தது.

நான் இணையவழியில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதையும், அதில் கேமரா கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாகச் சொன்னேன். விற்பனையாளர் தமிழ்ப் பையன். "அக்கா, நானும் வீட்ல உபுண்டுதான் வச்சிருக்கேன், இதுல எல்லாம் ஓடும், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். பெட்டியைப் பிரித்துச் சோதிக்கலாமா என்று கேட்டதற்கு, முத்திரையை உடைத்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது என்று மறுத்தவர், கோளாறு இருந்தால் தாமே மாற்றித் தருவதாகச் சொல்லி, ரசீதின் பின்புறம் தம் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். என் மாணவர்களைப் பற்றியெல்லாம் அக்கறையாக விசாரித்த அந்தப் பேச்சை நம்பித்தான் 3,890 வெள்ளியைக் கொடுத்தேன்.

உபுண்டுவை நிறுவியதும் வைஃபை வந்தது, ஒலி வந்தது. கேமரா வரவே இல்லை. பல மடிக்கணினிகளில் கேமரா உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கும் மென்பொருளான பொது டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால் தானாக வேலை செய்யும். இந்த மாடலிலோ கேமரா உணரி, செயலியின் படச் செயலாக்கப் பகுதியோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய உணரி ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் வேண்டும். தயாரிப்பாளர் விண்டோஸுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு, பிறர் எழுதத் தேவையான தொழில்நுட்ப விவரங்களையும் பூட்டி வைத்தால், காசு கொடுத்து வாங்கியவர் யாரிடம் போய் நிற்பது?

ரசீதில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. கடைக்குப் போனால் அந்தப் பையன் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். உரிமையாளர் சேவை மையத்துக்குப் போகச் சொன்னார். அங்கே விண்டோஸைத் திரும்பப் போட்டு, கேமரா ஓடுவதைப் பார்த்து, "பழுதில்லை" என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளையே காட்டி, தயாரிப்பாளரே பழுதில்லை என்று சொன்ன பிறகு கடைக்கு என்ன பொறுப்பு என்று உரிமையாளர் கேட்டார். பிறகு, பழைய பொருளாக 1,900 வெள்ளிக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். 3,890 வெள்ளிப் பொருள் அது!

விரிவாக எழுதும் மனநிலையில் இல்லை. உபுண்டு உள்ள யுஎஸ்பியைக் கையோடு கொண்டு போய், கடையிலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கிக் கேமரா, ஒலி, வைஃபை எல்லாவற்றையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். "லினக்ஸில் ஓடும்" என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இன்ன பயனுக்கு என்று தெரிவித்து வாங்கும் பொருள் அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளிதான். நாளையே மனு கொடுக்கிறேன்.