அஞ்சு ரோடு பக்கம் எடுத்த தார் ஜீப்: பீச்ல இறக்காதீங்கன்னு முதல்லயே சொன்ன கடை

மார்ச்ல ஃபேமிலியோட தனுஷ்கோடி போக சேலம் அஞ்சு ரோடு பக்கம் நாமளே ஓட்டிட்டு போற மாதிரி வாடகைக்கு விடுற ஒரு செல்ஃப் டிரைவ் கடைல மஹிந்திரா தார் ஜீப் எடுத்தோம்ங்க. கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து, முறையா வாடகைக்குன்னே பதிஞ்ச வண்டி. போன தடவை வேற ஒருத்தர்கிட்ட வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச வண்டிய வாடகைக்கு எடுத்துட்டு போலீஸ பாத்தாலே பக்குன்னு இருந்துச்சு, இந்த தடவை அந்த பயம் இல்ல.

என் மச்சான் ஃபோர் வீல் டிரைவ் இருக்கே, மணல்ல இறக்கி தண்ணி ஓரமா ஒரு ரவுண்டு போலாம்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிட்டாரு. கடைக்கார அண்ணன் சாவிய கைல வச்சிக்கிட்டே, "தனுஷ்கோடி கடைசில இருக்கற அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு இருக்குங்க, அத விட்டு ஒரு அடி கூட இறக்கிராதீங்க"ன்னாரு. அக்ரிமெண்ட்லயும் தமிழ்லயே அடிச்சிருக்காங்க, உப்புத்தண்ணி எஞ்சினுக்குள்ள போனா சாதா இன்சூரன்ஸ்ல கிளைம் கிடைக்காது, செலவு பூரா நம்ம தலைலதான்.

சட்டமும் விளையாட்டு இல்லங்க. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புப்படி மணல் மேட்ட கலைக்கறதே தப்பு, கோவால பீச்ல காரை இறக்குற டூரிஸ்ட்டுங்க மேல போலீஸ் கேஸ் போட்டுகிட்டேதான் இருக்காங்க. எனக்கு அத விட மனசுல நின்னது ஆமை விஷயம். ஜனவரில இருந்து பங்குனி ஆமைங்க (ஆலிவ் ரிட்லின்னு சொல்ற கடல் ஆமை) நம்ம கடற்கரைக்கு வந்து ஒரு குழில நூறு முட்டைக்கு மேல கூட இடும், பொரிக்க 45லேர்ந்து 60 நாள் ஆகும், மேல வீல் ஏறினா மணல் இறுகிப்போயிரும், பொரிச்சு வர்ற குஞ்சு டயர் தடத்துக்குள்ள விழுந்தா ஏறமுடியாம கடலுக்கே போய் சேராது. 1972 வனவிலங்கு சட்டத்துல புலிக்கு இருக்கற அதே முதல் பட்டியல்ல இருக்கற உசுரு அது. இத சொன்னதும் என் பொண்ணே மாமாவ இறக்க விடல.

மணல்ல ஓட்டியே ஆகணும்னா கேரளால கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு பீச் இருக்கு, அனுமதியோடயே சுமார் 4 கிலோமீட்டர் ஓட்டலாம், மழைக்காலத்துல மட்டும் விடமாட்டாங்க.

டெபாசிட் திரும்ப வர மூணு நாள் ஆச்சு, அது கொஞ்சம் கடுப்பு. டயர்ல காத்தும் கிளம்பும்போதே பாத்துக்கோங்க, நாமக்கல் தாண்டும்போது பின் வீல் இறங்கியிருந்துச்சு, ஃபோன் பண்ண உடனே கடைக்கார அண்ணன் எடுத்து பேசினாரு, பஞ்சர் காசையும் வாடகைல கழிச்சிட்டாரு.