பிரேக்கிங் பேட்: பத்து வருஷத்துல மூணு தடவை

முத தடவ பாத்தப்ப காலேஜ் முடிக்கிற நேரம், 2014. சீரிஸ் முடிஞ்சதே அதுக்கு முந்துன வருஷம்தான். 5 சீசன், 62 எபிசோடு, ஹார்ட் டிஸ்க்ல மொத்தமா வந்துச்சு, அஸ்தம்பட்டி ரூம்ல தட்டுவடை செட்ட பார்சல் வாங்கி வச்சிக்கிட்டு விடிய விடிய ஓட்டுனோம். அம்பது வயசு கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்டர், ஸ்கூல் முடிச்சு கார் கழுவுற எடத்துல இன்னொரு வேலை, அங்க சொந்த ஸ்டூடண்ட் காரையே குனிஞ்சு தொடைக்கணும், பத்தாததுக்கு நுரையீரல் கேன்சர், அந்தாளு மெத்துங்கிற போதைமருந்து காய்ச்ச எறங்குனா நாங்க விசிலடிக்காம என்ன பண்ணுவோம். பொண்டாட்டி ஸ்கைலர் வாயத் தொறந்தாலே திட்டுதான்.

லாக்டவுன்ல ரெண்டாவது தடவ. சீசன் 2ல, வால்டரோட மெத் காய்ச்சுற கூட்டாளி ஜெஸ்ஸியோட காதலி ஜேன் மூச்சு முட்டி சாவுறா, வால்டர் பக்கத்துலயே நிக்கிறான், ஒருக்களிச்சுத் திருப்பி விட்டா போதும், விடல. அழுதுக்கிட்டே நிக்கிறான் பாருங்க, அங்க எனக்கு விட்டுப்போச்சு.

(சீசன் 3ல ஒரே லேப், ரெண்டு பேரு, ஒரு ஈ, எபிசோடு பூரா அவ்வளவுதான். ஸ்கிப் பண்ணிடாதீங்க.)

போன மாசம் மூணாவது ரவுண்டு, பையன் தூங்குனப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு. இந்தவாட்டி சீசன் 1, அஞ்சாவது எபிசோடுலயே மாட்டிக்கிட்டேன். பழைய பார்ட்னர் எலியட் கூப்புட்டு வேலை தரேன், இன்சூரன்ஸும் இருக்குங்கிறான், அவன் பொண்டாட்டி க்ரெட்சன் வைத்தியச் செலவ நாங்க பாத்துக்கறோம்ங்கிறா. வேணாம்னுட்டான். முத தடவ பாத்தப்ப "ரோஷக்காரன்டா"ன்னு கை தட்டுன சீன் அது. எங்கப்பாவயும் சொந்தத்துல அப்படித்தான் சொல்லுவாங்க, செவ்வாய்பேட்டைல கொலுசுப் பட்டறை நொடிச்சப்ப மாமா பணத்தோட வந்தாரு, அப்பா கைநீட்டல. அம்மா வளையல் அடகுக்குப் போன கதைய மட்டும் எவனும் சொன்னதில்ல. இப்ப ஸ்கைலர் பேசுனா நான் சத்தத்தக் கூட்டி வச்சிக் கேக்குறேன். கடைசி எபிசோடுல அவகிட்ட, எல்லாம் எனக்காகத்தான் பண்ணேன்னு அவனே ஒத்துக்குவான், அத ஒத்துக்க அவனுக்கு 62 எபிசோடு ஆகுது!

நைட்டெல்லாம் முழிச்சு என்னதான்டா பாக்குறன்னு அம்மா கேட்டுச்சு. கதைய சொன்னேன், பணம் தரேன்னு அவங்க வந்தது வரைக்கும்தான் வந்திருப்பேன்.

"வாங்கியிருக்க மாட்டானே"ன்னுச்சு.