நுழைவுத் தேர்வு இல்லாமல் டி.என்.எஸ். சீட் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை

மெர்ச்சன்ட் நேவி படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பாரிமுனைப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சேர்க்கை முகவர், என் தங்கை மகனுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் டி.என்.எஸ். (கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவில் அதிகாரி ஆவதற்கான 'டிப்ளமோ இன் நாட்டிகல் சயின்ஸ்' படிப்பு) இடம் வாங்கித் தருவதாகவும், அதற்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் (ஐ.எம்.யு.) நுழைவுத் தேர்வே தேவையில்லை என்றும், படித்து முடித்ததும் கப்பலில் வேலை உறுதி என்றும் சொல்லி, இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். தங்கை நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. இடமும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை.

அவர் சொன்ன முதல் செய்தியே பொய். 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, உத்தண்டியில் தலைமையகம் கொண்டிருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் வளாகங்களானாலும், அதனோடு இணைந்த தனியார் கல்லூரிகளானாலும், டி.என்.எஸ். சேர அந்த நுழைவுத் தேர்வை எழுதித் தரவரிசை பெற்றாக வேண்டும். பொதுப் பிரிவினருக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சராசரியாக 60 சதவீதமும், ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ 50 சதவீதமும் வேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் கண் பரிசோதனை விஷயத்தில்தான். டெக் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமலேயே பார்வை தெளிவாக இருக்க வேண்டும். இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் நிறப்பார்வைக் குறையும் இருக்கக் கூடாது. எஞ்சின் பிரிவில்தான் கண்ணாடிக்கு ஓரளவு இடமுண்டு. துறை தெரிந்த எவரும் முதலில் விசாரிக்கும் விஷயம் இது. மூக்குக் கண்ணாடியோடு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "மெடிக்கல் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று அவர் பணத்தை வாங்கினார். பிறகு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் போனபோது, டெக் பிரிவுக்குத் தகுதியில்லை என்று அவர் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பணம் கட்டிச் சில நாள் கழித்து வந்த ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே இருந்தது. கல்லூரியின் பெயரோ படிப்பின் பெயரோ அதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஆலோசனைதான் வழங்கிவிட்டோமே என்கிறார்கள். இப்படியொரு ரசீதை நீட்டுபவர் கல்லூரியின் சார்பில் பேசுபவர் அல்ல.

வேலை உறுதி என்ற பேச்சையும் நம்பாதீர்கள். ஓராண்டு வகுப்புக்குப் பின் பதினெட்டு மாதக் கடல் பயிற்சிக்குக் கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் வேண்டும். கப்பலுக்கு ஆள் எடுப்பவரிடம் டி.ஜி. ஷிப்பிங் தரும் ஆர்.பி.எஸ்.எல். எனும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்க அவருக்கும் அனுமதியில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே இருக்கிறது. பணம் கேட்பவர் சொல்லும் கல்லூரி அதில் உள்ளதா என்று பாருங்கள்.

வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே போலப் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருந்து, தாமதிக்காமல் நீங்களும் புகார் கொடுங்கள்.