ஆட்டோக்ரோம், மூவண்ணப் பிரிப்பு, லிப்மன்: இன்று கையில் எடுக்கத் தக்கது எது?

மூன்றும் பழைய வண்ணப் புகைப்பட முறைகள். ஆட்டோக்ரோமுக்கு உருளைக்கிழங்கு மாவு வேண்டும் என்றதும் அடுக்களையிலேயே செய்துவிடலாம் போலத் தோன்றும். ஆட்டோக்ரோம் ஆளை ஏமாற்றுவது அங்கேதான். லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தக் கண்ணாடிப் பிளேட்டில் கழுவும் வேலை சிரமமில்லை, தயாரிப்புதான் மலை. மாவில் 10–15 மைக்ரான் துகள்களை மட்டும் பிரித்து, ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயமேற்றி, கலவை சாம்பல் நிறமாகத் தெரியும்வரை விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். பிசுக்குப் பூசிய கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவி, இடுக்குகளைக் கரித்தூளால் அடைத்து, உருளையால் நசுக்க வேண்டும். நசுக்குவது போதாவிட்டால் படம் இருண்டுவிடும். அதன்மேல் வார்னிஷ், பிறகு ஒளியை உணரும் பூச்சான எமல்ஷன். வார்னிஷில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தண்ணீர் இறங்கிச் சாயத்தைக் கரைக்கும். பழைய பிளேட்டுகளில் பச்சைப் புள்ளிகள் வருவது இப்படித்தான். தனி ஆள் இதைச் செய்வது, என் கணக்கில், வீண் பிடிவாதம்.

மூவண்ணப் பிரிப்புக்குத் தொழிற்சாலையே வேண்டாம். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1861-இல் காட்டிய அதே தத்துவம், ஒரே காட்சியை மூன்று நிற ஃபில்டர் வழியே மூன்று முறை எடுப்பது. தேவை: எல்லா நிறத்தையும் உணரும் கறுப்பு வெள்ளை (பான்குரோமாட்டிக்) ஃபிலிம், முக்காலி, ராட்டன் 25 (சிவப்பு), 58 (பச்சை), 47 (நீலம்) ஃபில்டர்கள். வெயிலில் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தை 3 ஸ்டாப் (எட்டு மடங்கு) கூட்டித் தொடங்கி, மூன்று ஃபிரேமிலும் ஒரு சாம்பல் அட்டையை வைத்துத் திருத்துங்கள். நீல ஃபில்டர் நெகட்டிவ் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை வேறுபாடு குறைந்து சப்பையாக வரும். டெவலப்பரில் கொஞ்சம் கூடுதல் நேரம் விடலாம். அசையும் எதுவும் வண்ண விளிம்பாகப் பிரியும், ரஷ்யப் புகைப்படக்காரர் புரோகுதின்-கோர்ஸ்கி எடுத்த ஆறுகளில் தெரிவதுபோல. காகிதத்தில் கோந்தும் நிறமியும் பூசி எடுக்கும் கம் அச்சுக்குச் சிவப்பு ஃபில்டர் நெகட்டிவ் சயான் நிறத்துக்கு, பச்சை மஜந்தாவுக்கு, நீலம் மஞ்சளுக்கு. காகிதத்தை முதலில் வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிக் காயவிடாவிட்டால் இரண்டாம் பூச்சிலேயே படம் விலகும். கோந்தை ஒளி உணரச் செய்யும் டைகுரோமேட் புற்றுநோய் தரும் நஞ்சு, கையுறை கட்டாயம்.

லிப்மன் முறை (1891, நோபல் 1908) கேட்கப் பயமாக இருந்தாலும் வண்ணச் சாயமே இல்லாத ஒற்றை எமல்ஷன் பூச்சுதான். உள்ளே வரும் ஒளியும் பின்னாலிருந்து பிரதிபலித்துத் திரும்பும் ஒளியும் சேர்ந்து எமல்ஷனுக்குள் பதிக்கும் நுண்ணடுக்குகளின் இடைவெளி, பச்சைக்குச் சுமார் 180 நானோமீட்டர். ஆகவே வெள்ளி உப்புத் துகள் அதைவிடப் பல மடங்கு நுண்ணியதாக இருந்தாக வேண்டும். நுண்துகள் ஒளியை மெதுவாகவே உணரும், அதனால்தான் வெளிச்சம் கொடுக்க நிமிடக்கணக்கு ஆகிறது. ஒளியைத் திருப்பியனுப்ப லிப்மன் வைத்த பாதரசக் கண்ணாடியை விட்டுவிடலாம். ஜெலட்டினும் காற்றும் சந்திக்கும் பரப்பே ஓரளவு பிரதிபலிக்கும். ஃபிக்ஸரில் போட்டால் ஜெலட்டின் சுருங்கி நிறம் நீலப் பக்கம் நகரும், ஈர மூச்சு பட்டால் சிவப்புப் பக்கம். முன்னால் ஆப்பு வடிவக் கண்ணாடி, பின்னால் கறுப்புப் பூச்சு, சரியான கோணத்தில் வெளிச்சம், மூன்றும் அமைந்தால்தான் நிறம் தெரியும். மூவண்ணத்தில் கைபழகிய பிறகு இதற்கு வாருங்கள். ஆனால் அச்சுப் பிரதி எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கமே வேண்டாம்.