பென் நெவிஸ், கிளென் கோவுக்கு ஹார்வி வரைபடம்: கோட்டுக்குக் கோடு 15 மீட்டர்

ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டிய ‘மன்ரோ’ சிகரங்கள் 282. அவற்றில் உயர்ந்தது 1,345 மீட்டர் பென் நெவிஸ். அதையும் கிளென் கோ மலைகளையும் ஒரே தாளில் அடக்கித் தருகிறது மலை வரைபடங்கள் வெளியிடும் ஹார்வி நிறுவனத்தின் 1:40,000 (1 மி.மீ.க்கு 40 மீட்டர்) வரைபடம். வாங்கலாம், நல்ல சரக்கு. ஆனால் பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தாள்களில் பழகிய கண் இதில் இரண்டு இடங்களில் தடுக்கும்.

முதலாவது சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. ஆர்ட்னன்ஸ் சர்வே இந்த மலைகளுக்கு 10 மீட்டருக்கு ஒரு கோடு போடுகிறது. ஹார்வி 15 மீட்டருக்கு ஒன்று. தடித்த கோடு அங்கே 50 மீட்டருக்கு, இங்கே 75 மீட்டருக்கு. நான்கு தடித்த கோடு ஏறினால் 200 மீட்டர் என்று பழக்கத்தில் கணக்குப் போடுபவர் உண்மையில் 300 ஏற வேண்டியிருக்கும். நேரக் கணக்கில் மட்டும் பத்து நிமிடம் உதைக்கும்.

சரிவின் தோற்றமும் மாறும். 30 பாகைச் சரிவில் இந்தத் தாளின் கோடுகளுக்கு நடுவே சுமார் 0.65 மி.மீ. இடைவெளி. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் தாளில் 0.7. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் எக்ஸ்ப்ளோரர்காரர்களுக்குச் சிக்கலில்லை. அதே நிறுவனத்தின் 1:50,000 லேண்ட்ரேஞ்சர் தாளில் அதே சரிவு 0.35 மி.மீ.தான். அதிலிருந்து வருபவருக்கு ஹார்வி காட்டும் மலை சாதுவாகத் தெரியும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் நடப்பவை. குளிர்காலத்தில் இந்தக் கண்மயக்கு விளையாட்டல்ல.

இரண்டாவது, திசைகாட்டியின் விளிம்பு அளவுகோல். பலவற்றில் 1:25,000, 1:50,000 மட்டுமே இருக்கும். 1:50,000 அளவை இந்தத் தாளில் வைத்தால் 800 மீட்டர் தூரம் 1,000 என்று காட்டும். மூடுபனியில் 200 மீட்டர் கூடுதலாக நடப்பது என்றால், இந்த மலையில் அது செங்குத்து விளிம்பில்தான் போய் முடியும். 1:40,000 அளவு உள்ள திசைகாட்டியாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மி.மீ.யை 40ஆல் பெருக்கி மீட்டராக்கிக்கொள்ளுங்கள்.

உச்சியிலிருந்து இறங்குவதற்கு எந்த அளவுத் தாளும் தனியாகப் போதாது. வழக்கமான வழி இது: நில அளவைத் தூணிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை. இரண்டும் கட்ட வடக்கிலிருந்து, அதாவது வரைபடக் கட்டங்களின் நேர்க்கோடு காட்டும் வடக்கிலிருந்து எடுத்தவை. முதல் நடை வடக்கே வாய் பிளந்திருக்கும் கார்டிலூ பிளவிலிருந்து விலக்குகிறது. அதே திசையில் 150 மீட்டரைத் தாண்டி நீட்டினால் ஃபைவ் ஃபிங்கர் பிளவு காத்திருக்கிறது. அந்த 150 மீட்டர் இந்தத் தாளில் 3.75 மி.மீ.; அதில் கோணம் எடுக்க முடியாது. எண்களை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, நடையை எண்ணுங்கள்: பெரும்பாலோருக்குச் சமதரையில் 100 மீட்டருக்கு 60 முதல் 70 இரட்டை எட்டு (ஒரே கால் மறுபடி தரையில் படும்வரை ஒன்று), பனியில் இன்னும் கூடும். பழைய பதிப்பு கையில் இருந்தால் ஓரத்தில் அச்சிட்ட காந்தத் திருத்தத்தை (கட்ட வடக்குக்கும் திசைகாட்டி முள் காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) அப்படியே கூட்டாதீர்கள். அன்று பல பாகையாக இருந்தது இன்று இப்பகுதியில் சொற்பமே.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் இதை வாங்கச் சொல்கிறோம்? தாள் சுத்தமாக இருக்கிறது. பாறை நிலத்தில் சமவுயரக் கோடு பழுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுவது, மழையில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போதும் பிடிபடுகிறது. தெளிவான பாதைக்கும் விட்டுவிட்டுத் தெரியும் தடத்துக்கும் வேறு வேறு குறி. ஆர்ட்னன்ஸ் சர்வே தாளில் எல்லைக்கோட்டுப் புள்ளிகளைப் பாதையென்று நம்பிப் போகும் பழைய தவறுக்கு இங்கே இடம் குறைவு.

நெகிழித் தாள், தண்ணீர் புகாது, லேமினேட் செய்த தாளைவிட எடையும் பருமனும் குறைவு. கிழியாது என்றாலும் மடிப்பில் மை தேயும். அன்றைக்கு நடக்கும் பகுதி மடிப்பில் விழாதபடி வீட்டிலேயே மாற்றி மடித்து, ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். வழுவழுப்பான தாள், காற்றில் கையைவிட்டுப் பறந்துவிடும்.